ஒரு பிட் கம்ப்யூட்டரும் ராஜண்ணனும்

கையைக் கொண்டுபோனேன். தொடவில்லை. விளக்கு எரிந்தது.

கையை எடுத்தேன். கொஞ்ச நேரம் எரிந்துகொண்டே இருந்தது. பிறகு யாரோ யோசித்து முடிவெடுத்தது போல அணைந்தது.

ஹைதராபாத் உப்பலில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேஜை. ஞாயிற்றுக்கிழமை மதியம். மழைக்கு முன்னால் வருமே ஒரு மஞ்சள் வெளிச்சம், அது ஜன்னல் வழியாக வந்து மேஜை முழுக்கப் பரவியிருந்தது. ஆராதனை முடிந்து வந்தவள் புடவையைக்கூட மாற்றவில்லை. என் முன்னால் துளைகள் நிறைந்த நான்கு வெள்ளைப் பலகைகள். அவற்றில் கறுப்பு மூட்டைப்பூச்சிகள் மாதிரி ஒன்பது ஐசி சில்லுகள், நூறுக்கு மேல் வயர்கள், நான்கு சுவிட்சுகள், ஒரு பட்டன், ஒரே ஒரு சிவப்பு விளக்கு.

மறுபடியும் கையைக் கொண்டுபோனேன். மறுபடியும் எரிந்தது. வீட்டில் யாரும் இல்லை. எனக்குப் பயமாக இல்லை, அதுதான் ஆச்சரியம். தூங்கும் குழந்தையின் முகத்துக்கு மேல் கையை ஆட்டினால் இமை துடிக்குமே, அப்படி இருந்தது.

இதுவரை இந்தத் தொடரில் என் பள்ளிக்கூடம், கல்யாணம், செகந்திராபாத் சர்ச் பாட்டுக் குழு என்று எழுதிவந்தேன். "கம்ப்யூட்டர் டீச்சர் என்கிறீர்கள், கம்ப்யூட்டரைப் பற்றி ஒரு வரியும் காணோமே" என்று ஒரு வாசகி கேட்டிருந்தார். அவருக்காக இந்த வாரம், நான் செய்த கம்ப்யூட்டரின் கதை. உலகத்திலேயே சின்னது என்று சொல்ல மாட்டேன். அதைவிடச் சின்னதாக ஒன்றை என்னால் யோசிக்க முடியவில்லை, அவ்வளவுதான்.

உள்ளே யார்?

அமீர்பேட்டில் பதினெட்டு வருஷம் புரோகிராமிங் சொல்லிக்கொடுத்தேன். மூன்றாவது மாடி. வகுப்புகளுக்கு நடுவே பிளைவுட் தடுப்பு. நான் ஒரு மொழியை நடத்திக்கொண்டிருப்பேன், தடுப்புக்கு அந்தப் பக்கம் இன்னொருவர் வேறொரு மொழியை நடத்திக்கொண்டிருப்பார். என் பிள்ளைகள் சில நேரம் அவர் சொன்னதையும் சேர்த்து எழுதிவிடுவார்கள். கீழே ஜெராக்ஸ் கடையின் சூடும் மிர்ச்சி பஜ்ஜியின் எண்ணெய் வாசனையும் கலந்து மேலே ஏறி வரும்.

ஒரு பேட்சில் ஸ்ரவந்தி என்று ஒரு பெண் இருந்தாள். குழந்தை பிறந்து ஏழு வருஷம் வீட்டில் இருந்துவிட்டு, மறுபடியும் வேலைக்குப் போக வேண்டும் என்று வந்தவள். கரீம்நகரில் குழந்தையை விட்டுவிட்டு ஹாஸ்டலில் தங்கியிருந்தாள். 'இஃப்' என்று எழுதினால், நிபந்தனை சரியா தப்பா என்று பார்த்து அதன்படி நடக்கும் என்று நான் வழக்கம்போலச் சொன்னேன். அவள் கையைத் தூக்கினாள்.

"மேடம், லோபல எவரு சூஸ்தாரு?"

உள்ளே யார் பார்க்கிறார்கள் என்று கேட்கிறாள். "ப்ராசஸர்மா" என்றேன்.

"தாண்ட்லோ எவரு?" என்றாள். அதற்குள்ளே யார்?

வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். சாயங்காலம் மெட்ரோவில் வரும்போது சிரிப்பு போய்விட்டது. ரயில் வளைவில் திரும்ப, கண்ணாடியில் என் முகம் கட்டடங்களின் மேலாக நகர்ந்துகொண்டே வந்தது. பதினெட்டு வருஷமாக அந்தப் பக்கம் யாரோ இருக்கிறார்கள் என்ற நம்பிக்கையில்தான் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். யார் என்று ஒருநாளும் போய்ப் பார்த்ததில்லை.

பிறகு எங்கள் வகுப்புகள் எல்லாம் ஆன்லைனுக்குப் போயின. பகல் நேரம் கையில் மிஞ்சியது. போய்ப் பார்த்துவிடலாம் என்று முடிவெடுத்தேன்.

கோட்டியில் ஒரு பகல்

கோட்டியில் குஜராத்தி கல்லி என்று ஒரு சந்து உண்டு. எலக்ட்ரானிக்ஸ் சாமான் வாங்க ஊரே அங்கேதான் போகும். இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் கடைக்குள் ஒதுங்க வேண்டும். நான் ஒதுங்கிய கடையில் ஒரு பெரியவர் கண்ணாடியை மூக்கு நுனியில் வைத்துக்கொண்டு சின்னச் சின்ன டப்பாக்களுக்கு நடுவே உட்கார்ந்திருந்தார். பட்டியலைப் பார்த்தார்.

"கைக்கு மேடம்? பச்சே கா ப்ராஜெக்ட்?" எதற்கு, பிள்ளையின் காலேஜ் வேலையா என்கிறார்.

"நை பாய். மேரா." இல்லை, எனக்குத்தான் என்றேன்.

"ஹவ்?" அப்படியா என்று கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். புடவை, நரைத்த முன்முடி, தோளில் துணிப்பை. ஒன்பது ஐசி எண்ணிப் போட்டார். கொஞ்சம் யோசித்துப் பத்தாவதாக ஒன்றையும் போட்டார்.

"ஏக் ஜல்தா மேடம். சப் கா ஏக் ஜல்தா."

எல்லாருக்கும் ஒன்று எரிந்துபோகும். எனக்கு முதல் வாரத்திலேயே எரிந்தது. கருகிய வாசனை இரண்டு நாள் திரைச்சீலையில் இருந்தது.

ஒன்றும் ஒன்றும் பூஜ்யம்

ஒவ்வொரு ஐசிக்குள்ளும் நான்கு கேட்கள், அதாவது கதவுகள். நான் வாங்கியவை நாண்ட் கேட்கள். உள்ளே வர இரண்டு வழி, வெளியே போக ஒரு வழி. இரண்டு வழியிலும் மின்சாரம் வந்தால் வெளிவழி மூடிக்கொள்ளும். மற்ற எந்த நேரத்திலும் திறந்திருக்கும். அதற்குத் தெரிந்தது அவ்வளவுதான். ஆனால் இந்த ஒரே வகைக் கேட்டை வைத்து எதை வேண்டுமானாலும் கட்டலாம்.

இரண்டு கேட்களை எடுத்து, ஒன்றின் வெளிவழியை மற்றதன் உள்வழியிலும் மற்றதன் வெளிவழியை இதன் உள்வழியிலும் கோத்தால், இரண்டும் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும். இது 'ஆம்' என்றால் அது 'இல்லை' என்று நிற்கும். வெளியிலிருந்து யாராவது வந்து தட்டும்வரை அப்படியே நிற்கும். இதற்குத்தான் நினைவு என்று பெயர். முதன்முதலில் அது நின்ற அன்று, நான் அடுப்பை அணைத்துவிட்டு வந்து அரைமணி நேரம் சும்மா பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு 'ஆம்' என் மேஜையின்மேல் உட்கார்ந்திருந்தது. நான் குளித்துவிட்டு வந்தபோதும் இருந்தது. துணி காயப்போட்டுவிட்டு வந்தபோதும் இருந்தது.

என் கம்ப்யூட்டரால் ஒரே ஒரு இலக்கத்தைத்தான் நினைவில் வைத்துக்கொள்ள முடியும். பூஜ்யம் அல்லது ஒன்று. ஒன்று என்றால் சிவப்பு விளக்கு எரியும். தான் எந்த வரியில் இருக்கிறோம் என்பதற்கு இன்னொரு நினைவு. புரோகிராம் மொத்தமே இரண்டு வரிகள். ஒரு வரிக்கு இரண்டு சுவிட்சுகள்: ஒன்று என்ன செய்ய வேண்டும் என்று சொல்லும், மற்றது எதை வைத்து என்று சொல்லும். செய்யத் தெரிந்த வேலையும் இரண்டுதான். கூட்டும், இல்லையென்றால் சொன்ன வரிக்குத் தாவும்.

கூட்டல் விசித்திரமானது. பூஜ்யமும் ஒன்றும் சேர்ந்தால் ஒன்று. ஒன்றும் ஒன்றும் சேர்ந்தால் இரண்டு வர வேண்டும், ஆனால் இரண்டை வைக்க இடமில்லை. அதனால் பூஜ்யம்.

முதல் வரியில் 'ஒன்றைக் கூட்டு'. இரண்டாவது வரியில் 'முதல் வரிக்குப் போ'. பட்டனை ஒருமுறை அமுக்கினால் ஒரு வரி நடக்கும். ஆக, முதல் அமுக்கில் விளக்கு எரிய வேண்டும், மூன்றாவது அமுக்கில் அணைய வேண்டும். ஸ்ரவந்தியின் கேள்விக்கு இதுதான் பதில். உள்ளே யாரும் இல்லை. கதவுகள்தான் ஒன்றுக்கொன்று வழிவிடுகின்றன.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது அந்தப் பட்டன். நான் அமுக்காதவரை அந்தக் கம்ப்யூட்டருக்கு நேரமே நகராது. காலையில் ஒருமுறை அமுக்கிவிட்டு வேலைக்கு உட்காருவேன், மதியம் வந்து இன்னொருமுறை அமுக்குவேன். இரண்டுக்கும் நடுவே எனக்கு வகுப்பு, பால்காரர், மின்தடை, மாவு அரைப்பது எல்லாம் நடந்திருக்கும். அதற்கு ஒரு கணம்கூட ஆகியிருக்காது.

என் கணவர் பிரபாகருக்குத் தமிழ் நன்றாகப் புரியும், ஆனால் பதில் தெலுங்கில்தான் வரும். மேஜை எனக்குப் போய்விட்டதால் அவர் சோபாவில் தட்டை மடியில் வைத்துச் சாப்பிட்டுப் பழகியிருந்தார்.

"தீனிக்கா மூடு நெலலு?" என்றார். இதற்கா மூன்று மாதம் என்று.

"ஆமா, இதுக்குத்தான்" என்றேன்.

அந்த மூன்று மாதத்துக்குப் பிறகும் அது ஒழுங்காக ஓடவில்லை. கையைக் கொண்டுபோனாலே எரிந்தது. பட்டனை ஒரு தடவை அமுக்கினால் சில நேரம் எரியும், சில நேரம் எரியாது. மேஜையை உரசி யாராவது போனால் மாறும். மூன்று வாரம் ஒவ்வொரு வயராகத் தொட்டுப் பார்த்தேன். படம் சரி, வயர் சரி, புத்தி சரியில்லை என்று தோன்ற ஆரம்பித்தது.

இதைப் பார்த்தமாத்திரத்தில் சொல்லக்கூடிய ஒருவரை எனக்குத் தெரியும். மௌலா அலியில், என் வீட்டிலிருந்து அரைமணி நேர தூரத்தில் இருந்தார். அவரோடு நான் பேசி ஒன்பது வருஷம் ஆகியிருந்தது.

ராஜண்ணன்

ஜெபராஜ், வீட்டில் ராஜு, என் கூடப் பிறந்த அண்ணன். எனக்கு ஐந்து வயது மூத்தவர். மௌலா அலியிலேயே ஒரு தொழிற்சாலையில் கருவிகள் பிரிவில் வேலை பார்த்தார். மீட்டர் முள் ஒன்று துடித்தால் போதும், எங்கே கோளாறு என்று சொல்லிவிடுவார். சின்ன வயதில் வீட்டில் ரேடியோ பாடாவிட்டால் அப்பா அண்ணனைத்தான் கூப்பிடுவார். அண்ணன் ரேடியோவைத் தட்ட மாட்டார். காதை வைத்துக் கேட்பார்.

எங்கள் குடும்பம் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வெள்ளைக்காரன் காலத்தில் செகந்திராபாத் வந்தது. நாலு தலைமுறை ஆகியும் வீட்டுப் பேச்சு மட்டும் அங்கேயே நின்றுவிட்டது. அண்ணன் தெலுங்கு பேசினாலும் அதில் தாமிரபரணி ஓடும்.

அப்பாவுக்கு நுரையீரல் வியாதி. கடைசி வருஷம் என் வீட்டில் இருந்தார். ஒருநாள் காலையில் மூச்சு முட்டி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். பத்து மணி வாக்கில் டாக்டர் வெளியே வந்தார். நல்ல மனிதர், நிதானமாகப் பேசினார்.

"செயற்கை சுவாசத்துல போடலாமா வேண்டாமான்னு வீட்ல முடிவு பண்ணணும். போட்டா திரும்ப எடுக்க முடியும்னு நான் சொல்ல மாட்டேன். சீக்கிரம் சொல்லுங்க."

அண்ணன் அன்று வேலை விஷயமாக வெளியூரில் இருந்தார். ஃபோன் பண்ணினேன். எடுக்கவில்லை. நடைபாதையில் பினாயில் வாசனை. எதிரே ஒரு குழந்தை பிஸ்கட் சாப்பிட்டுக்கொண்டிருந்தது. மறுபடியும் பண்ணினேன். நான்கு தடவை. பிறகு அந்தக் காகிதத்தில் 'வேண்டாம்' என்ற இடத்தில் நானே கையெழுத்துப் போட்டேன். அப்பா மத்தியானத்துக்குள் போய்விட்டார்.

அண்ணன் மறுநாள் காலையில் வந்தார். சிக்னல் இல்லை என்றார். அடக்கம் முடிந்து கல்லறைத் தோட்டத்தின் வாசலில், செருப்பு மாட்டிக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் ஒரு வார்த்தை சொன்னார்.

"என்னயக் கேக்காம முடிவு பண்ணிட்டேல்லா."

அதன்பிறகு பேசவில்லை. சண்டை என்று சொல்ல எதுவும் இல்லை. அதே சர்ச்சில் அவர் காலை ஏழு மணி ஆராதனைக்குப் போனார், நான் ஒன்பதரை மணிக்குப் போனேன். கிறிஸ்துமஸுக்கு அவர் மனைவி சுகந்தி மதினி கேக் கொண்டுவந்து தருவார், என் முறுக்கை வாங்கிக்கொண்டு போவார். இவ்வளவுதான் போக்குவரத்து.

மதினியின் தபால்

கையைக் கண்டு எரியும் விளக்கை ஃபோனில் படம் பிடித்து, ஒரு பேச்சுக்கு மதினிக்கு அனுப்பினேன். 'பேய் பிடிச்ச கம்ப்யூட்டர்' என்று எழுதினேன். ஒரு பேச்சுக்கு என்று இப்போது எழுதுகிறேன். மதினி யாரிடம் காட்டுவார் என்று தெரியாமலா அனுப்பினேன்?

அன்று சாயங்காலமே மதினியின் குரல் பதிவு வந்தது.

"கிரேஸ், உங்க அண்ணன் பாத்தாங்க. என்னமோ அந்தரத்துல நிக்காம். எதுலயும் கட்டாம ஒரு காலு தொங்குதாம். அது ஆமும் இல்லாம இல்லயும் இல்லாம கெடக்குதாம். அதான் கையக் கண்டா பயப்படுதாம். அப்பிடியே சொல்லச் சொன்னாங்க."

பின்னால் அண்ணனின் குரல் மெதுவாகக் கேட்டது. "பயப்படுதுன்னு நான் சொல்லல."

அந்தக் குரலை நான் எத்தனை தடவை திரும்பக் கேட்டேன் என்று எழுத வெட்கமாக இருக்கிறது.

எல்லாம் கட்டியிருக்கிறேன் என்று பதில் அனுப்பினேன். வயர் துளைக்குள் போயிருக்கும், உள்ளே பிடித்திருக்காது என்று பதில் வந்தது. எந்த வயர் என்று கேட்டேன். நினைவு வைக்கிற கேட்டில் பார் என்று வந்தது. ஒரு வாரம் இப்படி ஓடியது. மதினி தமிழ் வாத்தியார் மகள். ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும் இரண்டு கேட்டுக்கு 'லாட்ச்' என்று பெயர், அது அவர் வாயில் 'லஞ்ச்' ஆனது. இரண்டு கேட் லஞ்ச் எதற்கு என்று ஒருநாள் முழுக்க யோசித்தேன்.

கடைசியில் மதினிக்கே பொறுமை போய்விட்டது.

"எனக்கு வேணாம், நக்கோ இந்த வேல. நான் என்ன போஸ்ட்மேனா? ஒரே ஊர்ல இருந்துக்கிட்டு ரெண்டு பேரும்... நீங்களே பேசிக்கிடுங்க."

அதற்குப் பிறகு மூன்று நாள் எதுவும் வரவில்லை. நான்காம் நாள் சனிக்கிழமை. காலை பத்தரை மணிக்கு மணி அடித்தது. கதவைத் திறந்தேன். அண்ணன். முடி முழுவதும் வெளுத்திருந்தது. கையில் ஒரு பழைய லெதர் பை.

"மீட்டர் கொண்டாந்தேன்" என்றார்.

"வாங்கண்ணே" என்றேன்.

பட்டன்

பிரபாகர் எழுந்து வந்து அண்ணனின் கையைப் பிடித்துக்கொண்டார். "ரண்டி பாவா, ரண்டி" என்று மச்சானை வரவேற்றார். தயிர் வாங்கி வருகிறேன் என்று கிளம்பிவிட்டார். வீட்டில் இரண்டு கிண்ணம் தயிர் இருந்தது.

அண்ணன் மேஜையைச் சுற்றி ஒரு நடை நடந்தார். எதையும் தொடவில்லை. குனிந்து, கண்ணாடியைத் தூக்கி, ஒவ்வொரு பலகையாகப் பார்த்தார்.

"நீயேவா போட்ட?"

"நானேதான்."

"நல்லாப் போட்டுருக்க. செவப்பு எல்லாம் பவரு, கறுப்பு எல்லாம் கிரவுண்டு, என்ன?" மீட்டரை எடுத்துப் பத்தே நிமிஷத்தில் ஒரு மஞ்சள் வயரைத் தொட்டார். "இந்தா. இதான்."

இழுத்ததும் சுலபமாக வந்தது. உள்ளே எதையும் பிடிக்காமல் இத்தனை நாள் துளையில் சும்மா நின்றிருக்கிறது. நுனியைச் சீவி அழுத்திச் செருகினார். நான் கையைக் கொண்டுபோனேன். விளக்கு அசையவில்லை. எனக்கு ஒரு நிமிஷம் ஏமாற்றமாகக்கூட இருந்தது.

ஆனால் பட்டனை அமுக்கினால் இன்னும் குழப்பம்தான். மூன்றாவது தடவைக்கு அணைய வேண்டியது, இரண்டாவது தடவைக்கே அணைந்தது. அடுத்து ஐந்து தடவைக்கும் எரியவில்லை.

அண்ணன் சமையலறைக்குப் போய் ஒரு ஸ்பூன் எடுத்து வந்தார். மேஜைக்கு ஒரு சாண் உயரத்தில் பிடித்து விட்டார். அது விழுந்து, குதித்து, இன்னும் குதித்து, கிணுகிணுத்து அடங்கியது.

"எத்தன தடவ விழுந்துச்சு?"

"ஒரு தடவைதான் நீங்க விட்டீங்க."

"நான் விட்டது ஒரு தடவ. மேஜைக்கு எத்தன சத்தம் கேட்டுச்சு? பட்டனுக்குள்ள ரெண்டு தகடு இருக்குலா, அது இப்பிடித்தான் குதிக்கும். நம்ம கைக்குத் தெரியாது. இதுக்கு ஒவ்வொரு குதியும் ஒரு அமுக்குதான். நீ ஒண்ணு அமுக்கினா அது ஏழு, எட்டு வரி ஓடிருது."

பட்டனைக் கழற்றிவிட்டு, பையிலிருந்து இரண்டு பக்கமும் சாயும் ஒரு சுவிட்சை எடுத்து அங்கே வைத்தார். ஐசிகளை எண்ணினார். "முப்பத்தாறு கேட்டு. முப்பத்து மூணுதான் வேல செய்யுது. மூணு சும்மா கெடக்கு, அதுல ரெண்டு போதும்." அந்த இரண்டையும் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும்படி கோத்தார். சுவிட்ச் ஒரு பக்கம் முதல்முறை தொட்டதுமே அவை அதைப் பிடித்துக்கொள்ளும். பிறகு தகடு எத்தனை குதித்தாலும் கண்டுகொள்ளாது. மறுபக்கம் போய்த் தொட்டால்தான் விடும். மிஞ்சிய ஒரு கேட்டின் கால்களையும் கிரவுண்டில் கட்டினார். "சும்மா இருந்தாலும் கட்டி வைக்கணும்."

சுவிட்சை அந்தப் பக்கம் சாய்த்தேன். இந்தப் பக்கம் சாய்த்தேன். முதல் வரி. விளக்கு எரிந்தது. இரண்டாவது. எரிந்துகொண்டே இருந்தது. மூன்றாவது. அணைந்தது. நான்காவது. ஐந்தாவது. எரிந்தது.

இருவரும் மாறி மாறிச் சாய்த்தோம். மழை தொடங்கியிருந்தது. பால்கனிக் கம்பிகளில் தண்ணீர் தட்டுகிற சத்தம், ஈர மண் வாசனை. ஒவ்வொரு சாய்ப்புக்கும் ஒரு வரி, ஒரே ஒரு வரி. எவ்வளவு நேரம் அப்படி உட்கார்ந்திருந்தோம் என்று தெரியாது. எனக்கு அது ஒரு முழு மதியம் போல நினைவிருக்கிறது. கால் மணிகூட இருந்திருக்காது.

நான்கு அழைப்புகள்

"கிரேஸ்" என்றார் அண்ணன். விளக்கைப் பார்த்துக்கொண்டேதான் பேசினார். "அன்னைக்கு நீ கூப்பிட்டேல்லா."

"ம்."

"நாலு தடவ."

நான் அவருக்கு எண்ணிக்கை சொன்னதில்லை. யாருக்குமே சொன்னதில்லை.

"ஃபோன் என் கையிலதான் இருந்துச்சு. சிக்னல் எல்லாம் இருந்துச்சு. நீ என்ன கேக்கப் போறன்னு தெரிஞ்சுபோச்சு. எடுத்தா நான் சொல்லணும்லா. எடுக்கல."

மழை பெய்துகொண்டிருந்தது.

"நீ கையெழுத்துப் போட்டுட்டேன்னு கேட்டதும் எனக்கு... அப்பாடான்னு இருந்துச்சுட்டி. அந்த அப்பாடாவ மறைக்கத்தான் உன்மேல கோவப்பட்டேன். அப்புறம் உன் மூஞ்சியப் பாக்க முடியல."

நான் எழுந்து சமையலறைக்குப் போனேன். டீ போடலாம் என்று அடுப்பைப் பற்றவைத்தேன். பாத்திரத்தில் தண்ணீர் வைக்கவில்லை என்பதைக் கொஞ்ச நேரம் கழித்துத்தான் பார்த்தேன். அடுப்பை அணைத்தேன். வெளியே வந்தேன்.

"கல்லறைத் தோட்டத்துல என்ன சொன்னீங்கன்னு ஞாபகம் இருக்கா?"

"இருக்கு."

"அப்பாவ நானே கொன்னுட்டேன்னு நெனச்சுக்கிட்டுப் படுத்திருக்கேன் அண்ணே. ஒன்பது வருஷம். ஒரு வார்த்த சொல்லியிருக்கக் கூடாதா?"

"திட்டு" என்றார்.

திட்டினேன். தமிழில் தொடங்கி, தெலுங்கில் போய், எங்கேயோ நடுவில் தக்னி உருதுவும் வந்தது. இவ்வளவு கோபம் எனக்குள் இருந்தது எனக்கே தெரியாது. அண்ணன் கேட்டுக்கொண்டார். கைகளை முழங்கால்மேல் வைத்துக்கொண்டு, பள்ளிக்கூடத்தில் திட்டு வாங்கும் பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தார். பிரபாகர் தயிரோடு மாடி ஏறி வந்து, சத்தம் கேட்டு, படிக்கட்டிலேயே உட்கார்ந்துவிட்டார் என்று பிறகு பக்கத்து வீட்டம்மா சொன்னார்.

வார்த்தைகள் தீர்ந்ததும் நானும் நாற்காலியில் உட்கார்ந்தேன். அவரை மன்னித்தேனா என்று அப்போது கேட்டிருந்தால் தெரியாது என்றிருப்பேன். இன்றும் சில நாள் காலையில் எழும்போது கோபம் வருகிறது. பிறகு அவருடைய ஃபோன் வருகிறது. எடுக்கிறேன்.

ஆனால் அன்று, அண்ணன் ஒன்று கேட்டார். ஒன்பது வருஷமாக யாரும் என்னைக் கேட்காதது. அனுதாபம் சொன்னவர்கள் இருந்தார்கள், நீ செய்தது சரி என்றவர்கள் இருந்தார்கள். இதை மட்டும் யாரும் கேட்டதில்லை.

"அப்பா எப்பிடிப் போனாங்க?"

சொன்னேன். ஜன்னல் பக்கத்துக் கட்டில். நர்ஸ் ஒருத்தி ஈரத்துணியால் உதட்டைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். கால்களைப் பிடித்துவிடச் சொல்லிக் கையைக் காட்டினார், பிடித்துவிட்டேன். பாதம் சில்லிட்டிருந்தது, கை மட்டும் சூடாக இருந்தது. ஒருமுறை ஆக்ஸிஜன் மாஸ்க்கைத் தானே விலக்கினார். நான் குனிந்தேன்.

"ராஜு கிளம்பிட்டானா?" என்றார்.

"வந்துக்கிட்டு இருக்காங்கப்பா" என்றேன்.

"அவசரப்படாம வரச் சொல்லு. மழையா இருக்கு" என்றார். வெளியே நல்ல வெயில்தான் அடித்துக்கொண்டிருந்தது. அதற்குப் பிறகு அவர் பேசவில்லை.

அண்ணன் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வயர்களுக்கு நடுவே வைத்தார்.

"அப்பிடியா சொன்னாங்க?"

"அப்பிடித்தான் சொன்னாங்க."

"இன்னொரு தடவ சொல்லு" என்றார்.

அப்பாவின் குரல் எப்படி இருந்ததோ, அப்படியே சொன்னேன்.